பூஜ்யம் ஒரு பதில் அல்ல

“டாக்குமென்டேஷன் எல்லாம் ஒரு எழுத்தா?”

இந்தக் கேள்வியை இரண்டு தரப்பினர் கேட்கிறார்கள். ஒரு தரப்பு நம் இலக்கிய நண்பர்கள். ஒரு சிறுகதையின் கடைசி வரி தேவையா இல்லையா என்று இரவு இரண்டு மணி வரை சண்டை போடுவார்கள். ஆனால் ஒரு நிரலை எப்படிப் பயன்படுத்துவது என்று விளக்கும் உரைநடை அவர்களுக்கு மிக்ஸியோடு வரும் கையேடு மாதிரி. அட்டைப்பெட்டியோடு சேர்த்து எடைக்குப் போடலாம். இன்னொரு தரப்பு நிரலாளர்கள். “கோடு ஓடுதுல்ல? அப்புறம் என்ன டாக்குமென்டேஷன்?” என்பது அவர்கள் கட்சி. எதிரெதிரே உட்கார்ந்தால் பேசிக்கொள்ள ஒரு விஷயம் கிடைக்காத இந்த இரண்டு கூட்டமும் இந்த ஒன்றில் மட்டும் அப்படியே ஒத்துப்போகிறது: இது குமாஸ்தா வேலை, புதுசா சேர்ந்த பையனிடம் தள்ளிவிடலாம்.

இரண்டு தரப்பும் தப்பு என்பது என் வாதம். பொதுவாகச் சொன்னால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவீர்கள். அதனால் மென்பொருள் உலகின் ஒரு சின்ன மூலையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: தொலைவில் இருக்கும் பல தரவுத்தளங்களில் ஒரே சமயத்தில் தேடுவதற்கான லைப்ரரிகள். குழப்பம் வேண்டாம். இந்தக் கட்டுரையில் லைப்ரரி என்றால் நிரலாளர்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு. நூலகம் என்றால் புத்தகங்கள் இருக்கும் இடம். இரண்டும் மாறி மாறி வரும். இந்த மூலையில் ஒரு வாக்கியம் எழுதப்படாமல் போனால் என்ன ஆகும் என்பதைக் கண்ணால் பார்க்கலாம். இருக்கும் புத்தகம் இல்லாமல் போகும்.

கடுதாசி போட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்வது

வெப் வருவதற்கு முன்பே நூலகங்களின் கணினிகள் ஒன்றோடொன்று பேச ஆரம்பித்துவிட்டன. அதற்கென்று ஒரு நெறிமுறை உண்டு. பெயர் இசட்39.50. கவர்ச்சியே இல்லாத பெயர். அமெரிக்காவில் நூலக விவகாரங்களுக்குத் தரம் வகுத்த குழுவின் எண் இசட்39, அதில் ஐம்பதாவது தரம், அவ்வளவுதான். 1988-இல் முதல் வடிவம், 1995-இல் மூன்றாம் வடிவம், 1998-இல் ஐஎஸ்ஓ 23950 என்ற சர்வதேசத் தரம். பராமரிப்பு அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தின் பொறுப்பு.

பழைய சமாச்சாரம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். நம் ஊர்க் கல்லூரி நூலகங்கள் பலவற்றில் கோஹா என்ற இலவச மென்பொருள் ஓடுகிறது. நியூசிலாந்தில் பிறந்து 2000-இல் பயன்பாட்டுக்கு வந்தது. அதில் புதுப் புத்தகத்தைப் பட்டியலில் ஏற்றும் இடத்தில் இசட்39.50 தேடல் என்று ஒரு வசதி இருக்கும். நூலகர் ஐஎஸ்பிஎன் எண்ணை அடித்து, ஏழெட்டு சர்வர்களுக்கு டிக் போட்டுத் தேடச் சொன்னால், உலகின் ஏதோ ஒரு நூலகத்தில் யாரோ பொறுமையாக உட்கார்ந்து எழுதிவைத்த பதிவு இங்கே வந்து இறங்கும். வராவிட்டால் தலைப்பு, ஆசிரியர், பதிப்பு, பக்கம், பொருள் என்று அத்தனையையும் அவரே கையால் அடிக்க வேண்டும். ஒரு புத்தகத்துக்கு என்றால் பரவாயில்லை. நன்கொடையாக நாற்பது பெட்டி வந்து இறங்கியிருந்தால்?

சரி, ஏழெட்டு சர்வர்களிடம் எப்படிக் கேட்பது? ஒன்றிடம் கேட்டுவிட்டு அதன் பதில் வரும்வரை காத்திருந்து, பிறகு அடுத்ததிடம் போவது ஒரு வழி. திருநெல்வேலி மாமாவுக்குக் கடுதாசி போட்டு, அவர் பதில் கையில் கிடைத்த பிறகுதான் மதுரைச் சித்தப்பாவுக்கு எழுதுவேன் என்பது மாதிரி. மாமா சோம்பேறி என்றால் கல்யாணமே நின்றுபோகும். இன்னொரு வழி, எல்லாருக்கும் ஒரே நாளில் கடுதாசி போட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்வது. யார் பதில் முதலில் வருகிறதோ அதை முதலில் பிரிக்கலாம். இந்த இரண்டாவது வழிக்குத்தான் ஏசிங்க்ரனஸ் என்று பெயர்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் கதை சொல்கிறவர்களுக்குத் தெரியும், காலத்தை வரிசை மாற்றினால் சொல்முறை முழுக்க மாற வேண்டியிருக்கும் என்று. சாதாரண நிரலை மேலிருந்து கீழே படிக்கலாம். மேல் வரி முதலில் நடக்கும், கீழ் வரி பிறகு நடக்கும். ஏசிங்க்ரனஸ் நிரலில் அந்த ஒப்பந்தம் முறிந்துவிடுகிறது. பத்தாவது வரியில் கொடுத்த உத்தரவு நாற்பதாவது வரியில்தான் நிறைவேறும். அல்லது நிறைவேறாமலே போகும். எது எப்போது நடக்கும் என்பது நிரலின் முகத்தில் எழுதியிருக்காது. அதை வேறு எங்காவது எழுதித்தான் ஆக வேண்டும். அந்த ‘வேறு எங்காவது’தான் டாக்குமென்டேஷன்.

பெயர்கள் பொய் சொல்லும்

“நல்ல பெயர் வைத்தால் கோடே தன்னை விளக்கிக்கொள்ளும்” என்பது நிரலாளர்களின் பிரியமான கொள்கை. அதைச் சோதித்துப் பார்ப்போம்.

2001-இல் இசட்39.50-க்கு ஸூம் என்ற பொதுவான நிரல் இடைமுகம் ஒன்று வகுக்கப்பட்டது. கொரோனா காலத்தில் நம் உயிரை வாங்கிய ஸூம் கம்பெனி இல்லை. இது அதைவிடப் பத்து வயது மூத்தது. கோபன்ஹேகனில் இருக்கும் இண்டெக்ஸ் டேட்டா என்ற நிறுவனத்தின் யாஸ் என்ற கருவித்தொகுப்பு இதைச் சி மொழியில் தருகிறது. அதன் மேல் பிஎச்பி மொழிக்கும் ஒரு நீட்டிப்பு உண்டு. அதில் மூன்று ஃபங்ஷன்களைப் பாருங்கள்: யாஸ் கனெக்ட், யாஸ் சர்ச், யாஸ் வெயிட். பெயரை வைத்து என்ன நினைப்பீர்கள்? முதலாவது இணைக்கும், இரண்டாவது தேடும், மூன்றாவது சும்மா காத்திருக்கும்.

நிஜம் தலைகீழ். கனெக்ட் எதையும் இணைப்பதில்லை; இணைக்க வேண்டும் என்று குறித்துவைத்துக்கொள்கிறது. சர்ச் தேடுவதில்லை, தேட வேண்டியதைக் குறித்துவைத்துக்கொள்கிறது. காத்திரு என்று பெயர் வைத்திருக்கிறார்களே, அந்த வெயிட்தான் வலைக்குப் போய், எல்லா சர்வர்களையும் தட்டி, கேட்டு, வாங்கி, அத்தனை வேலையும் செய்கிறது. வீட்டில் சும்மா இருப்பதாகச் சொல்லப்படும் பெண்மணி மாதிரி.

இதில் யார் மேலும் குற்றம் இல்லை. ஏசிங்க்ரனஸ் உலகில் பெயரிடுவதே அவ்வளவு சிரமம். பெயரால் சொல்ல முடியாததைப் பிஎச்பி கையேடு ஒரு வாக்கியத்தில் நேராகச் சொல்லிவிடுகிறது: இந்த ஃபங்ஷன் இப்போது இணைக்காது, பின்னால் வெயிட் அழைக்கப்படும்போதுதான் இணைப்பு நடக்கும் என்று. அந்த ஒரு வாக்கியம் இல்லாவிட்டால், கனெக்ட் முடிந்த கையோடு பிழை வந்ததா என்று பார்த்து, வரவில்லை என்று சந்தோஷப்பட்டு, செத்துப்போன சர்வரை நம்பி ஒருவர் மேலே மேலே கட்டிக்கொண்டே போவார்.

சி மொழி வடிவத்திலும் இதே கதை. அதில் ஈவென்ட் என்ற ஃபங்ஷனைத் திரும்பத் திரும்பக் கூப்பிட வேண்டும். எந்த இணைப்பில் ஏதாவது நடந்ததோ அதன் எண்ணைத் தரும். 0 தந்தால் இனி பாக்கி எதுவும் இல்லை என்று பொருள். 0-வை இதற்கென்று ஒதுக்கிவிட்டதால் முதல் இணைப்பின் எண் 1. ஆனால் சி மொழியில் பட்டியல் 0-விலிருந்து தொடங்கும். ஆக, வரும் எண்ணில் ஒன்றைக் கழித்தால்தான் சரியான ஆளிடம் போவீர்கள். கழிக்காவிட்டால் மாமா போட்ட கடுதாசியைச் சித்தப்பா கணக்கில் எழுதிவைப்பீர்கள். நிரல் ஓடும், பிழைச்செய்தி வராது, பதில் தப்பாக இருக்கும்.

“கோடு ஓடுதுல்ல?” என்று கேட்டீர்களே, ஓடுவது என்றால் இதுதான்.

‘இல்லை’க்கு எத்தனை அர்த்தம்?

பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜி, சொஜ்ஜி எல்லாம் சாப்பிட்டுவிட்டு, “ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்” என்று சொன்னால் நமக்கு அர்த்தம் தெரியும். நம் வாழ்க்கையில் மௌனத்துக்கு அகராதி உண்டு. வலைக்கு அந்த அகராதி கிடையாது. பதில் வராததற்கு அங்கே ஒரே ஒரு பொருள்தான்: பதில் வரவில்லை. அதற்கு மேல் எதையாவது ஏற்றிச் சொன்னால் அது நம் கற்பனை.

நூலகத் தேடலில் திரையில் வரும் 0-வை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குக் குறைந்தது நான்கு அர்த்தங்கள் இருக்கலாம்.

ஒன்று: சர்வர் தேடிப் பார்த்தது, புத்தகம் அங்கே நிஜமாகவே இல்லை.

இரண்டு: சர்வர் பதிலே சொல்லவில்லை. இணைப்புக் கிடைக்கவில்லை, நடுவில் அறுந்தது, அல்லது நேரம் கடந்துவிட்டது. யாஸ் இவற்றைத் தனித்தனியாக எண்ணிட்டு வைத்திருக்கிறது: 10000, 10004, 10007. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

மூன்று: சர்வருக்குக் கேள்வி புரியவில்லை. இசட்39.50-இல் தலைப்பில் தேடு என்பதற்கு எண் 4, ஐஎஸ்பிஎன் என்றால் 7, பொருள் என்றால் 21, ஆசிரியர் என்றால் 1003. ஒரு சர்வர் இதில் சிலவற்றை மட்டும் ஏற்கும். ஏற்காததை அனுப்பினால் 114 என்ற எண்ணில் ‘எனக்கு இது தெரியாது’ என்று சொல்வது முறை. சில சர்வர்கள் அப்படி முகத்துக்கு நேரே சொல்லாமல், தாமாக வேறு எதையோ தேடிவிட்டு ஏதோ ஒரு பதிலைத் தரும். இந்தத் தொல்லையை ஒழுங்குபடுத்தவென்றே 2000 வாக்கில் பாத் புரொஃபைல் என்று தனியாக ஓர் உடன்படிக்கை எழுத வேண்டி வந்தது.

நான்கு: புத்தகம் இருக்கிறது, கேள்வியும் புரிந்தது, ஆனால் எழுத்துக்கூட்டல் வேறு. இது நம் வீட்டு விவகாரம். நூலகப் பதிவுகளுக்கு நெடுங்காலம் அடிப்படையாக இருந்த மார்க்-8 என்ற எழுத்துத் தொகுப்பில் சீனம், அரபி, ஹீப்ரு, ரஷ்யன், கிரேக்கம் எல்லாம் உண்டு. தமிழ் கிடையாது. அதனால் அமெரிக்க நூலகங்கள் தமிழ்த் தலைப்புகளை ரோமன் எழுத்தில் ஒரு குறிப்பிட்ட முறைப்படி பதிந்துவந்திருக்கின்றன. ‘பொன்னியின் செல்வன்’ தேட நாம் செல்வனுக்கு எஸ் போடுவோம். அந்த முறையில் சகரத்துக்கு சி. ழகரத்துக்கு நாம் இசட்-எச் போடுவோம். அங்கே அடிக்கோடிட்ட எல். தமிழ் எழுத்திலேயே அடித்துத் தேடினால் பல பதிவுகள் எட்டியே பார்க்காது. புத்தகம் அலமாரியில் இருக்கும். திரையில் 0 இருக்கும்.

இந்த நான்கையும் ஒரே எண்ணாகச் சுருக்கிக் காட்டும் நிரலை எழுதியவர் கெட்டவர் இல்லை. அவர் கையில் இருந்த லைப்ரரியின் டாக்குமென்டேஷன் அவரிடம் இந்த நான்கையும் பிரித்துச் சொல்லவில்லை, அவ்வளவுதான். யாஸ் ஹிட்ஸ் என்று ஒரு ஃபங்ஷன். எத்தனை பதிவு கிடைத்தது என்று சொல்லும். தேடலே நடக்கவில்லை என்றாலும் 0 தரும். இதை மறைக்காமல் பிஎச்பி கையேடு எழுதியிருக்கிறது. அதோடு நிற்காமல், அதன் மாதிரி நிரல் ஒவ்வொரு சர்வருக்கும் முதலில் பிழை உண்டா என்று பார்த்து, இல்லை என்றால் மட்டுமே எண்ணிக்கையைக் காட்டுகிறது. இரண்டு வரி வித்தியாசம். அந்த மாதிரியை அப்படியே நகலெடுக்கும் ஒவ்வொருவர் நிரலிலும் ‘இல்லை’யும் ‘தெரியவில்லை’யும் தனித்தனியாக இருக்கும். நகலெடுத்தே எழுதுவது நிரலாளர் குணம். அதைத் தெரிந்துகொண்டு, நகலெடுக்கத் தகுந்ததை முன்னால் வைத்த அந்தப் பெயர் தெரியாத ஆசிரியரை நான் எழுத்தாளர் என்றுதான் சொல்வேன்.

பவணந்தியார் பார்த்தால்

இப்போது நம்மிடையே புழங்கும் டாக்குமென்டேஷனைப் பார்ப்போம். பெரும்பாலும் மூன்று வகை.

முதல் வகை, நிரலிலிருந்து தானாக உருவாக்கப்பட்ட பட்டியல். “செட் டைம்அவுட்: டைம்அவுட்டை செட் செய்யும்.” நன்றி, ரொம்ப உதவியாக இருந்தது. எனக்குத் தெரிய வேண்டியது வேறு. கொடுக்கும் எண் வினாடியா, மில்லிவினாடியா? இணைப்புக்கு மட்டுமா, தேடலுக்கும் சேர்த்தா? ஒவ்வொரு சர்வருக்கும் தனித்தனியா, மொத்தத்துக்குமா? நேரம் முடிந்ததும் அதுவரை வந்துசேர்ந்த பதிவுகள் கையில் இருக்குமா, போய்விடுமா? நேரம் முடிந்துவிட்டது என்று நமக்குச் சொல்லிவிட்டு, பின்னால் அந்த இணைப்பு திறந்தபடியே கிடக்குமா? ஐந்து கேள்விக்கும் பதில் இல்லாத அந்த வரியை நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் பார்த்திருந்தால் இரண்டு குற்றம் சாட்டியிருப்பார்: சொல்ல வேண்டியதைச் சொல்லாததால் குன்றக் கூறல்; சொன்னதையே திருப்பிச் சொன்னதால் கூறியது கூறல்.

இரண்டாவது வகை, விளம்பரம். “ஐந்தே வரியில் நூறு சர்வரில் தேடுங்கள்!” ஐந்து வரியும் வேலை செய்யும், நூறு சர்வரும் நல்ல நாளாகப் பார்த்து எழுந்திருந்தால். முதல் பக்கத்தில் வாணவேடிக்கை. இரண்டாம் பக்கத்தில் அமைப்பு முறை. மூன்றாம் பக்கத்தில் பிழைகளைக் கையாளுதல் என்று ஒரு தலைப்பு, கீழே ‘விரைவில்’ என்று ஒரு சொல். அந்த விரைவு வருவதேயில்லை. இதற்கும் நன்னூலில் பெயர் இருக்கிறது: சென்று தேய்ந்து இறுதல்.

மூன்றாவது வகை புதிது. நிரலை இயந்திரத்திடம் கொடுத்து, டாக்குமென்டேஷன் எழுதித் தா என்று கேட்பது. வரும் உரைநடை முதல் இரண்டையும்விட அழகாக இருக்கும். நிரலில் எது இருக்கிறதோ அதை இயந்திரம் நன்றாகவே சொல்லும். ஆனால் எழுதியவரின் எண்ணம் நிரலில் இல்லையே. நேரம் முடிந்ததும் பதிவுகளை எறிந்துவிடுவது வேண்டுமென்றே செய்ததா, கவனக்குறைவா? நாளைக்கு மாறுமா, மாறாதா? இதைத் தெரிந்த ஒரே ஆள் வாய் திறக்கவில்லை என்றால் இயந்திரம் சரளமாக ஊகிக்கும். சரளம்தான் இங்கே ஆபத்து. தடுமாறி எழுதப்பட்ட பொய்யைச் சந்தேகப்படுவோம். வழுவழுப்பாக எழுதப்பட்ட ஊகத்தை அப்படியே நகலெடுப்போம்.

தன் குறையைத் தானே எழுதிய மரபு

இப்படித்தான் எப்போதும் இருந்தது என்று நினைக்க வேண்டாம். 1971 நவம்பரில் யூனிக்ஸின் முதல் கையேடு வந்தது. ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு பக்கம்; பெயர், பயன்படுத்தும் முறை, விளக்கம் என்று வரிசையாக வரும். அதில் பக்ஸ் என்று ஒரு பகுதியும் உண்டு. பிழைகள். இந்தக் கட்டளை எங்கே சொதப்பும், எதைச் செய்யாது என்று எழுதியவர்களே அதில் எழுதிவைத்தார்கள். லினக்ஸ் கையேடுகளில் அந்தத் தலைப்பு இன்றும் இருக்கிறது. தன் படைப்பின் கீழே தன் குறையை எழுதிவைக்கும் இந்தப் பழக்கத்தை எத்தனை இலக்கிய வடிவங்களில் பார்த்திருக்கிறீர்கள்? நாவலாசிரியர் யாராவது கடைசிப் பக்கத்தில் “மூன்றாம் அத்தியாயம் தொய்வாக இருக்கும், மன்னிக்கவும்” என்று போட்டதுண்டா?

இந்த மரபு முழுக்கச் சாகவும் இல்லை. பைதான் மொழியில் 2018-இல், ஒரு வேலையைப் பின்னணியில் ஓடவிட கிரியேட் டாஸ்க் என்ற ஃபங்ஷன் வந்தது. சில வருடம் கழித்து அதன் டாக்குமென்டேஷனில் ஓர் எச்சரிக்கை சேர்ந்தது: இது திருப்பித் தருவதைக் கையில் பிடித்துவைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வேலை பாதியிலேயே மறைந்துபோகலாம். காரணம், நிகழ்வுச் சுழல் அந்த வேலையை உறுதியாகப் பிடித்துவைத்துக்கொள்வதில்லை. வேறு யாரும் பிடித்திருக்கவில்லை என்றால் குப்பை அள்ளும் பொறி அதையும் அள்ளிக்கொண்டு போய்விடலாம். எச்சரிக்கை வருவதற்கு முன்பும் அது அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. எப்போதாவது ஒருமுறை ஒரு தேடல் மட்டும் திரும்பி வராமல் போக, ஆட்கள் நெட்வொர்க்கைத் திட்டிக்கொண்டிருந்திருப்பார்கள். அந்த எச்சரிக்கைக்குப் பிறகுதான் அந்த மர்மத்துக்கு ஒரு பெயர் கிடைத்தது.

அதே மொழியில் கேதர் என்று இன்னொன்று. பல வேலைகளை ஒன்றாக அனுப்பி, எல்லா முடிவுகளையும் அனுப்பிய வரிசையிலேயே திருப்பித் தரும். ஆனால் ஒன்று தோற்றால், சும்மா விட்டால், அந்தத் தோல்விதான் உங்கள் முகத்தில் வந்து விழும். மற்றவை பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். அவற்றின் முடிவு உங்கள் கைக்கு வராது. பத்து நூலகத்தில் ஒன்று கதவைச் சாத்தினால் மற்ற ஒன்பதின் பதிலும் போச்சு. இதை மாற்ற ஒரு சின்ன அமைப்பு உண்டு, டாக்குமென்டேஷன் அதைச் சொல்கிறது. ஜாவாஸ்கிரிப்டில் 2015-இல் வந்த ப்ராமிஸ் ஆல் இதே மாதிரி, ஒன்று தோற்றால் மொத்தமும் தோல்வி. தோற்றவர், ஜெயித்தவர் எல்லாரையும் அவரவர் நிலையோடு தரும் வடிவம் 2020-இல்தான் அந்த மொழியின் தரத்தில் சேர்ந்தது. ‘பகுதி வெற்றி’ என்ற கருத்துக்கு ஒரு பெயர் வைக்கவே ஐந்து வருடம். தொலைதூரத் தேடலில் பகுதி வெற்றிதான் தினசரி யதார்த்தம். பத்துக்குப் பத்து பதில் வருவது பண்டிகை.

எதிர்வாதம் கேட்போம்

“இதெல்லாம் சரி, யாருக்கு நேரம் இருக்கு? இலவச மென்பொருள்களை எழுதுகிறவர்கள் ராத்திரி முழித்து, சம்பளமில்லாமல் எழுதுகிறார்கள். அவர்களிடம் உரைநடையும் கேட்பது அநியாயம் இல்லையா?”

இது நியாயமான ஆட்சேபம். அதனால்தான் நான் நூறு பக்கம் கேட்கவில்லை. பயிற்சிப் பாடம், செய்முறை, குறிப்புதவி, விளக்கம் என்று டாக்குமென்டேஷனை நான்காகப் பிரித்து எழுதச் சொல்லும் டயாடாக்ஸிஸ் மாதிரி நல்ல முறைகள் இருக்கின்றன. வசதி உள்ளவர்கள் பின்பற்றட்டும். வசதி இல்லாதவர்களிடம் நான் கேட்பது ஐந்தே வாக்கியம். எந்த வரியில் நிஜமாக வலைக்குப் போகிறீர்கள்? பதில்கள் எந்த வரிசையில் வரும்? எவ்வளவு நேரம் காத்திருப்பீர்கள், எங்கிருந்து அளந்து? ஒன்று தோற்றால் மற்றவை என்ன ஆகும்? காலியான பதிலையும் வராத பதிலையும் நான் எப்படிப் பிரித்து அறிவது? ஐந்து வரி எழுத ஒரு டீ குடிக்கும் நேரம் போதும். அந்த ஐந்து வரியை எழுத முடியவில்லை என்றால் காரணம் நேரமின்மை ஆகாது. எழுதியவருக்கே பதில் தெரியவில்லை. அதைக் கண்டுபிடித்துத் தருவதும் டாக்குமென்டேஷன் செய்யும் வேலைதான்.

“டாக்குமென்டேஷன் பழசாகிப் பொய்யாகிவிடும், கோடு பொய் சொல்லாது” என்று இன்னொரு வாதம். கோடு பொய் சொல்லாது என்பது உண்மைதான். ஏனென்றால் அது வாக்குக் கொடுப்பதேயில்லை. என்ன நடக்கிறது என்று மட்டும் சொல்லும். என்ன நடக்க வேண்டும் என்று சொல்லாது. வாக்குக் கொடுக்காதவரை யாரும் குற்றம் சாட்ட முடியாது. வாக்கே இல்லாத இடத்தில் பிழை என்ற சொல்லுக்கும் பொருள் இல்லை. நடப்பதெல்லாம் அப்படியே சரி என்றாகிவிடும். டாக்குமென்டேஷன் எழுதுகிறவர் துணிந்து ஒரு வாக்குக் கொடுக்கிறார். பிறகு அதைவைத்து அவரையே பிடிக்கலாம். எழுதத் தயங்குவதற்குப் பாதிக் காரணம் இந்தப் பயம் என்றே நினைக்கிறேன்.

நம் தரப்புக்கு

கடைசியாக இலக்கிய நண்பர்களிடம் இரண்டு வார்த்தை. ஒரு நூலுக்குச் சிறப்புப் பாயிரத்தில் என்னவெல்லாம் சொல்ல வேண்டும் என்று ஒரு பட்டியல் நம்மிடம் இருக்கிறது. எழுதியவர் பெயர், நூலின் பெயர் என்று போகும் அந்தப் பட்டியலில் எல்லை, கேட்போர், பயன் என்ற மூன்றும் உண்டு. எதுவரை செல்லுபடியாகும், யாருக்காக, எதற்காக. இந்த மூன்றையும் சொல்லாமல் எழுதப்படும் லைப்ரரிகளால்தான் உலகத்தின் தேடல்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. இலக்கண உரைகளையும் செய்யுள் உரைகளையும் இலக்கியம் என்று கொண்டாடும் மரபில் வந்தவர்கள் நாம். இன்னொருவர் எழுதிய இறுக்கமான ஒன்றைப் பிரித்து, எங்கே ஐயம் வரும் என்று முன்கூட்டியே யோசித்து, அங்கே நின்று பதில் சொன்னவர்கள் நம் உரையாசிரியர்கள். அந்தத் திறமைக்கு இன்று தேவை அதிகம் இருக்கும் இடத்தைப் பார்த்து ‘இது எழுத்தில்லை’ என்கிறோம்.

இதைப் படிப்பவர்களில் பலர் பகலில் நிரல் எழுதி இரவில் கவிதை எழுதுகிறவர்கள் என்று எனக்குத் தெரியும். இலவச மென்பொருள்களின் டாக்குமென்டேஷன் பெரும்பாலும் திறந்தே கிடக்கிறது. திருத்தம் அனுப்ப யாருடைய அனுமதியும் வேண்டாம். நீங்கள் பயன்படுத்தும் லைப்ரரியின் பக்கத்தைத் திறந்து, தேடல் 0 தந்தால் அதற்கு என்னென்ன அர்த்தம் இருக்கலாம் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். இல்லை என்றால் அதைச் சோதித்து, இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். அடைமொழி வேண்டாம், உவமை வேண்டாம். எப்போது ‘இல்லை’, எப்போது ‘தெரியவில்லை’ என்று மட்டும் சொன்னால் போதும். உங்கள் பெயர் அதில் வராது. ஆனால் ஏதோ ஒரு கல்லூரி நூலகத்தில், பெட்டி பெட்டியாக வந்து இறங்கிய புத்தகங்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் ஒருவர், ‘பதிவு எதுவும் இல்லை’ என்ற வரிக்குப் பதிலாக, ‘மூன்று சர்வர்கள் பதில் தரவில்லை, மறுபடி முயலவும்’ என்ற வரியைப் பார்ப்பார். மறுபடி முயல்வார்.